குடியை விட்டவரை வெறுங்கையோடு நிறுத்தாதீர்கள்



மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்து "இனிமே தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தவரை நாம் பார்த்திருக்கிறோம். சம்பளத்தன்று அவரே மறுபடியும் விழுந்து கிடந்ததையும் பார்த்திருக்கிறோம். உடனே "அவன் திருந்த மாட்டான்" என்று சொல்லிவிடுகிறோம். குடிக்கு அடிமையாவது ஒரு நோய். விடுவது ஒரு வேலை, விட்ட பிறகு வாழ்வது இன்னொரு வேலை. இரண்டுக்கும் துணை வேண்டும்.

1. உடம்பு

பல வருடமாக நாள் தவறாமல் சாராயமோ கசிப்போ குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. முதல் 2 நாளில் சிலருக்கு வலிப்பு வரும். 2, 3 நாளில் இல்லாததைக் கண்டு பிதற்றுவதும் உண்டு. "பேய் புடிச்சிருக்கு" என்று மந்திரிக்கப் போய் நேரத்தைப் போக்காதீர்கள். உயிரே போகலாம். உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் அனுப்புங்கள். நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டுவது இன்னும் நல்லது. நடுக்கத்துக்கு மருந்தும் விட்டமின் பி1ம் கொடுத்துப் பத்திரமாக நிறுத்த வழி இருக்கிறது.

2. பின்னேரம்

வேலை விட்டு லயத்துக்கு வந்த பிறகுதான் ஆசை தலைதூக்கும். பசி, கோபம், களைப்பு, தனிமை நான்கும் அதற்குத் தீனி போடும். வந்ததும் சாப்பாடு கொடுங்கள். பழைய கூட்டாளிகள் கூடும் வழியாக வராமல் வேறு பாதையில் வரட்டும். ஆசை பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தைக் கடக்கக் கைக்கு ஒரு வேலை வேண்டும். மரக்கறித் தோட்டம், மாட்டுக்குப் புல், பிள்ளையின் பாடம், எதுவானாலும் சரி.

3. பொறுப்பு

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் குடியை விட்டு இரண்டு மாதம் இருந்தார். ஒருநாள் என்னிடம், "ஐயா, குடிக்கிறப்ப நாலு பேர் இருந்தாங்க. விட்டதுக்கப்புறம் ஒருத்தருமில்ல. வீட்டுலயும் ஒரு வேல சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றார். கோயில் கமிட்டியில் பேசி, பின்னேரம் விளக்கேற்றும் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தோம். தீபாவளிக்கு ஒரு தரம் தவறிவிட்டார். மனைவி ஏசவில்லை, கதவையும் சாத்தவில்லை. மறுநாள் கமிட்டித் தலைவரே வந்து, "விளக்கு காத்துக்கிட்டு இருக்குப்பா" என்று கூட்டிப் போனார். ஒரு தரம் விழுந்ததால் நடந்த தூரம் இல்லாமல் போய்விடாது.

இப்போது அவர் சொல்கிறார்: "முந்தி என்னைக் குடிகாரன்னுதான் கூப்புடுவாங்க. இப்ப பேர் சொல்லிக் கூப்புடுறாங்க, ஐயா."

அந்தப் பேரைத் திருப்பிக் கொடுக்க எந்த மருந்தாலும் முடியாது. நம்மால் முடியும். பக்கத்து லயத்தில் ஒருவர் குடியை விட முயற்சி செய்கிறாரா? "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்று அவர் கையில் கிளாஸைக் கொடுக்காதீர்கள். ஒரு பொறுப்பைக் கொடுங்கள்.

ஆலோசனை கேட்க, தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைக்கலாம். நலன்புரி அலுவலரிடமும் வந்து பேசுங்கள். பேசியது வெளியே போகாது.