அட்டியின் மேல் ஏறிப் பார்

தெஹிவளை

அன்பின் மருமகனுக்கு,



பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வந்த நாளிலிருந்து நீ யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்று உன் உம்மா போனில் சொல்லி அழுதார். முகாமைத்துவம் கொஞ்சத்தில் தவறியது எனக்கும் கவலைதான். ஆனால் அதைவிட என்னை உறுத்தியது, "கூட்டாளிமாரெல்லாம் கம்பஸ் போக நான் மட்டும் ஆர்டிகல்ஸுக்கா?" என்று நீ கேட்டதாக அவர் சொன்னது. அந்த "மட்டும்" என்ற சொல்லுக்காகவே போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாட்டில் உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகத் தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம். வர்த்தகப் பிரிவில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நம் அம்பாறையும் அந்தப் பதினாறில் ஒன்று. அப்படியிருந்தும் இடம் போதவில்லை. அந்த வெட்டுப்புள்ளிப் பட்டியலில் இதற்குமேல் வேறு அர்த்தம் தேடாதே.

பல்கலைக்கழகத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். போர்க்காலத்தில் வந்தாறுமூலையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த பல்கலைக்கழகங்களுக்கு நம் பிள்ளைகள் போய்ப் படிக்க முடியாமல் போனது. அமைச்சராக இருந்த மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரி வந்து, அடுத்த ஆண்டே, இன்று ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. அந்தச் செய்தியைக் கேட்டு ஊரே அல்ஹம்துலில்லாஹ் சொன்னதை என் தலைமுறை மறக்காது. இரண்டாம் தரம் பரீட்சை எழுதி அங்கே போக உனக்கு உண்மையிலேயே ஆசை என்றால் போ. பட்டம் கட்டாயமான அரச வேலைகள் உண்டு, அதையும் மறைக்கமாட்டேன். ஆனால் வெட்கத்துக்காக ஒரு வருசத்தை வீட்டில் கழிக்காதே.

ஆர்டிகல்ஸ் என்பது கம்பஸ் கிடைக்காதவனை உட்கார வைக்கிற வாங்கு இல்லை. 1959இல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம், பரீட்சையை மட்டும் பாஸ் பண்ணியவரைக் கணக்காளராக ஏற்பதில்லை. மூன்று வருசம் ஒரு கணக்காளரின் மேற்பார்வையில் வேலை பழகியிருக்க வேண்டும்; அதுதான் ஆர்டிகல்ஸ். ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் கணக்கீடு படித்த பட்டதாரிப் பிள்ளைகளே பட்டயக் கணக்காளராக அந்தப் பயிற்சிக்கு வந்துதான் ஆக வேண்டும். நீ அவர்களுக்கு முன்னாலேயே அந்தக் கதவால் நுழைகிறாய்.

அங்கே என்ன பழகுவார்கள் என்று கேட்பாய். என் முதல் வருசத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

மார்ச் 31, நிதியாண்டின் கடைசி நாள். வெளிமாவட்டத்து நெல் ஆலை ஒன்றில் சரக்கு எண்ண அனுப்பினார்கள். களஞ்சியத்தில் மூட்டைகள் முகட்டுக்குக் கிட்ட அட்டி அட்டியாக அடுக்கியிருந்தன. நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை, உயரத்தில் எத்தனை என்று கீழே நின்றபடி எண்ணிப் பெருக்கினேன். ஆலையின் ஏட்டில் இருந்த தொகையும் சரியாக வந்தது. சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டேன். என்னோடு வந்த மூத்த பயிலுனர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "மேலே ஏறினாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏணி கொண்டுவரச் சொன்னார். ஏறிப் பார்த்தால் நடுவில் கிணறு மாதிரிப் பள்ளம். சுற்றிவரத்தான் மூட்டை, உள்ளே வெறும் காற்று.

அந்த ஏட்டை வைத்து வங்கி கடன் கொடுத்திருக்கும். என் கையெழுத்தை நம்பி இன்னும் கொடுத்திருக்கும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கீட்டுப் பாடத்தில் இருப்பை எப்படிப் பதிவது என்று படித்திருந்தேன். இருப்பு இருக்கிறதா என்று போய்ப் பார்க்க அன்றுதான் பழகினேன். இந்தத் தொழிலில் மிச்சமெல்லாம் அதிலிருந்து வருவதுதான்: வங்கி இணக்கக் கூற்று, கடன்பட்டோரிடம் கடிதம் போட்டு மீதியை உறுதிப்படுத்துவது, சம்பளப் பட்டியலில் உள்ள ஆள் உண்மையில் வேலைக்கு வருகிறாரா என்று விசாரிப்பது.

இனிக் கஷ்டங்களைச் சொல்ல வேண்டும். கொடுப்பனவு சொற்பம்; கொழும்பில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாது. முதல் வருசம் என்னோடு தங்கு. ஏப்ரலிலிருந்து வருமான வரிப் படிவம் கொடுக்கும் நவம்பர் 30 வரை வேலை நெருக்கும். அந்த நெருக்கத்தில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. பரீட்சையை அடுத்த முறை எழுதலாம் என்று தள்ளித் தள்ளியே, மூன்று வருசப் பயிற்சியையும் முடித்துவிட்டு, பாதிப் பாடத்தோடு நின்றுபோன நம் ஊர்ப் பிள்ளைகளை நான் அறிவேன். வேலை நன்றாகத் தெரிந்தவர்கள். ஆனால் கணக்காய்வு அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. நானும் இரண்டு தரம் தவறியவன்தான். சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் படிப்பது என்று பிடித்த பிறகே கரை சேர்ந்தேன்.

ஆங்கிலமும் அப்படித்தான். தமிழில் படித்தது குறையல்ல. ஆனால் கோப்புகள், கடிதங்கள், மேல்நிலைப் பரீட்சைகள் எல்லாவற்றிலும் ஆங்கிலம் வரும். இன்றே தொடங்கு. ஏ.ஏ.டி. எனும் கணக்கீட்டுப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம், முடித்தால் சி.ஏ. எனும் பட்டயக் கணக்காளர் பரீட்சையில் சில பாடங்களுக்கு விலக்கும் உண்டு. கொழும்புக்கு வருமுன் அதில் சேர்ந்துவிடு.

பயிற்சிக்குப் போகும் நிறுவனத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்காதே. பெரிய இடத்தில் ஒரு வங்கியின் ஒரு பகுதியையே மாதக்கணக்கில் பார்க்க நேரலாம். சின்ன இடத்தில் பற்றுச்சீட்டுப் பையிலிருந்து ஐந்தொகை வரை எல்லாம் உன் கையால் ஆகும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனமா, பரீட்சைக்கு லீவு தருவார்களா, முன்பு பழகியவர்கள் பாஸ் பண்ணியிருக்கிறார்களா என்று முதலில் கேள். நான் விரும்புவது சின்ன இடத்தைத்தான்.

ஏனென்றால் நம் கடைத்தெருவை நினைத்துப் பார். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்தில் 360ஐத் தாண்டியது. கல்முனை பஸாரில் எத்தனை பேர் பழைய விலையில் இலாபம் வைத்து விற்று, அந்தக் காசில் அதே சாமானைத் திரும்ப வாங்க முடியாமல் நின்றார்கள்! கையில் காசு புரண்டதால் இலாபம் என்றே நினைத்தார்கள். மருதமுனையில் சாரம் நெய்கிறவர்கள் நூல் விலை தெரிந்தும் வீட்டுப் பெண்களின் கூலியை அடக்கவிலையில் சேர்ப்பதில்லை. உன் வாப்பாவின் கடையில் இருப்பது ஒரு கடன் கொப்பி மட்டும்தான். யாராவது உட்கார்ந்து அதை வாசித்துச் சொல்ல வேண்டாமா?

இந்தத் தொழிலில் வட்டிக் கணக்கு வருமே என்று நீ தயங்குவதாகவும் கேள்விப்பட்டேன். நல்ல தயக்கம். மார்க்கம் அறிந்த ஆலிமிடம் போய்க் கேள், என் சொல்லோடு நிற்காதே. ஆனால் ஒன்றை நினைவில் வை: குர்ஆனிலேயே நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது, கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதுகிறவன் நீதியாக எழுத வேண்டும் என்பது அதில் வரும் கட்டளை.

ராத்தாவின் வீடு கட்டும் வேலை பாதியில் நிற்கிறது, நீ உழைத்துத்தான் முடிக்க வேண்டும் என்ற பாரம் உன் தலையில் இருப்பதும் தெரியும். அதற்காகக் கட்டாருக்கு ஓடிவிடலாம் என்று நினைக்காதே. மூன்று வருசம் பொறு. வீட்டு விசயத்தை நானும் உன் வாப்பாவும் பார்த்துக்கொள்கிறோம்.

வியாழன் இரவு பஸ்ஸில் வருகிறேன், இன்ஷா அல்லாஹ். பெறுபேற்றுத் தாளோடு கடன் கொப்பியையும் எடுத்து வை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

துஆக்களுடன்,
உன் மாமா