வில்பத்துப் பயணம்: துவக்கு வேண்டாம், கவனம் போதும்

உடப்பிலிருந்து வில்பத்துக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு:

• தற்காப்புக்கென்றாலும் துவக்கு கொண்டுபோகாதீர்கள். தேசியப் பூங்காவுக்குள் அதற்குத் தடை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம். 1916ஆம் ஆண்டிலிருந்தே இதற்குத் தனிச்சட்டம் உண்டு.

• காயம்பட்ட யானையும் கரடியும் இன்னும் மூர்க்கமாகும். சுடுவதால் ஆபத்து கூடும்.

• பூங்காவுக்குள் வாகனத்தை விட்டு இறங்காதீர்கள். வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள்.

• வீதியில் யானை நின்றால் தள்ளியே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்கவோ சாப்பாடு எறியவோ கூடாது.

• காட்டோரம் நடப்பதென்றால் பகலில், கூட்டமாக, பேசிக்கொண்டே போங்கள். ஆள் அரவம் கேட்டால் கரடி பெரும்பாலும் விலகிவிடும்.

• பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். வேட்டைக்காரர் வைத்த கட்டுத்துவக்கு இருக்கலாம்.

• அவசரத்துக்கு: வனசீவராசிகள் திணைக்களம் 1992, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.