காணொளி ஆலோசனையில் கேமரா இயங்காவிட்டால்

நீரிழிவால் காலில் புண் ஏற்பட்டு, சிகிச்சை பெற்று வீடு திரும்பிய முதியவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். புண்ணின் நிலையை அறிய மருத்துவர் காணொளி அழைப்பில் வருகிறார். குரல் தெளிவாகக் கேட்கிறது. திரையோ இருண்டு கிடக்கிறது. மருமகள் மடிக்கணினியை அணைத்துப் போடுகிறார், மீண்டும் இணைகிறார், மீண்டும் இருள். ஒதுக்கப்பட்ட நேரம் கரைகிறது. "புண் எப்படி இருக்கிறது?" என்று மருத்துவர் கேட்க, "பரவாயில்லை ஐயா" என்கிறார் முதியவர். புண்ணின் ஓரம் கறுத்திருப்பதையும் சுற்றியுள்ள தோல் சிவந்திருப்பதையும் அந்த விடை சொல்லவில்லை.

காணொளி ஆலோசனையில் கேமராவே மருத்துவரின் கண். 2020 மார்ச் 25 அன்று இந்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் காணொளி, குரல், எழுத்து ஆகிய மூன்று வழிகளையும் ஏற்கின்றன. எனினும், ஒரு குறிப்பிட்ட பட்டியலிலுள்ள மருந்துகளை முதல் ஆலோசனையில் எழுதித் தர வேண்டுமாயின், அது காணொளி வழியாக நடைபெற வேண்டும் என்று கூறுகின்றன. ஆகவே, கேமராவைச் சரிசெய்யும் முறையை நோயாளியும் உடனிருந்து பராமரிப்பவரும் அறிந்திருப்பது நன்று.

முந்தைய நாளே ஒரு சோதனை

ஆலோசனைக்கு முந்தைய நாள், கைபேசியில் அல்லது கணினியில் உள்ள 'கேமரா' செயலியைத் திறந்து பாருங்கள். இந்த ஒரு சோதனை பழுதை இரண்டாகப் பிரித்துக் காட்டும். அங்கே படம் தெரிந்தால் கேமரா நலமாக உள்ளது. குறை அழைப்புச் செயலியிலோ அதற்குரிய அனுமதியிலோதான் இருக்கும். அங்கும் படம் தெரியாவிட்டால், கேமராவையும் கருவியின் பொது அமைப்புகளையும் பார்க்க வேண்டும்.

கேமரா செயலியில் படம் தெரிந்தால்

1. அழைப்புத் திரையில் காணொளிப் பொத்தானைப் பாருங்கள். அதன்மேல் குறுக்குக் கோடு இருந்தால் நீங்கள் அறியாமலே அதை அணைத்திருக்கிறீர்கள். ஒருமுறை தொட்டால் போதும்.

2. கேமராவைப் பயன்படுத்தும் பிற செயலிகளை முழுவதும் மூடுங்கள். கணினியில் ஒரு செயலி கேமராவைப் பிடித்திருக்கும்போது மற்றொன்றுக்கு அது கிடைக்காமல் போவதுண்டு. சோதனைக்காகத் திறந்த கேமரா செயலியையும் மறவாமல் மூடுங்கள்.

3. அனுமதியைச் சரிபாருங்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் அமைப்புகளுக்குள் சென்று, செயலிகளின் பட்டியலில் உரிய செயலியைத் தேர்ந்து, அனுமதிகளில் கேமராவை இயக்குங்கள். ஐபோனில் அமைப்புகளில் அச்செயலியின் பெயரைத் தொட்டால் கேமராவுக்கான பொத்தான் தெரியும். குரோம் போன்ற உலாவி வழியாக இணைகிறீர்கள் எனில், முகவரிப் பட்டையின் இடப்புறமுள்ள குறியைத் தொட்டு, கேமராவுக்கு அனுமதி அளித்து, பக்கத்தைப் புதுப்பியுங்கள்.

4. குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த இணைப்பைத் தொட்டும் கேமரா திறக்கவில்லையெனில், அவ்விணைப்பை நகலெடுத்து குரோம் அல்லது சஃபாரி உலாவியில் ஒட்டித் திறந்து பாருங்கள்.

5. கணினியில் இரண்டு கேமராக்கள் இருந்தால், அழைப்புச் செயலியின் அமைப்புகளில் சரியான கேமரா தேர்வாகியுள்ளதா எனப் பாருங்கள்.

கேமரா செயலியிலும் படம் தெரியாவிட்டால்

1. மடிக்கணினியில் கேமராவுக்கு அருகே சிறு விளக்கு இருக்கலாம். விளக்கு எரிந்தும் படம் இருண்டிருந்தால், கேமராவின்மேல் உள்ள சிறு மூடியை நகர்த்துங்கள். யாரேனும் ஒட்டிய தாளோ, கைபேசியாயின் உறையோ மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

2. சில மடிக்கணினிகளில் கேமராவை நிறுத்துவதற்கெனத் தனி விசையோ பக்கவாட்டுப் பொத்தானோ உண்டு. கேமரா படம் பொறித்த விசையைத் தேடி ஒருமுறை அழுத்துங்கள்.

3. விண்டோஸ் 11 கணினியில், அமைப்புகளுக்குள் தனியுரிமை, பாதுகாப்புப் பிரிவில் கேமரா என்பதைத் திறந்து, கேமரா அணுகலையும் செயலிகளுக்கான அனுமதியையும் இயக்குங்கள். ஆண்ட்ராய்டு 12 முதலான கைபேசிகள் பலவற்றில், திரையை மேலிருந்து கீழே இழுத்தால் கேமரா அணுகலுக்கான பொத்தான் தெரியும். அதுவும் இயக்கத்தில் இருக்க வேண்டும்.

4. தனியே இணைக்கும் வெப்கேமராவாயின், வடத்தைக் கழற்றி, கணினியின் வேறொரு யுஎஸ்பி துளையில் நேரடியாகச் செருகுங்கள்.

5. இவற்றுக்குப் பின்னும் பயனில்லையெனில் கருவியை முழுவதும் அணைத்து மீண்டும் இயக்குங்கள்.

அழைப்பின் நடுவே படம் நின்றால்

ஐந்து நிமிடத்துக்கு மேல் பழுதுடன் போராடாதீர்கள். குரல் இணைப்பைத் துண்டிக்காமல், "படம் வரவில்லை" என்று மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள். வீட்டிலுள்ள மற்றொரு கைபேசியில் அதே இணைப்பைத் திறந்து சேருங்கள். அப்போது ஒரு கருவியின் ஒலியை அடக்கிவிட்டால் எதிரொலி வாராது. அதுவும் இயலாவிடில், புண்ணையோ வீக்கத்தையோ படமெடுத்து, மருத்துவமனை தெரிவித்த வழியில் அனுப்பலாமா என்று கேளுங்கள். புண்ணுக்கு அருகே, அதைத் தொடாமல், ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்தால் அதன் அளவு விளங்கும். படத்துக்கு வழியே இல்லையெனில், "பரவாயில்லை" என்று முடிக்காமல், நிறம், அளவு, நீர் அல்லது சீழ் வடிதல், நாற்றம், வலி, காய்ச்சல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கூறுங்கள்.

படம் தெரிவது மட்டும் போதாது. சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தால் முகம் இருண்டுவிடும். வெளிச்சம் முகத்தில் விழும்படி அமருங்கள். மஞ்சள் விளக்கொளியில் கண்ணின் மஞ்சள் நிறத்தையும் தோலின் வெளிறலையும் பிரித்தறிவது கடினம். பகல் வெளிச்சமே சிறந்தது. கைபேசியைக் கையில் பிடிக்காமல் ஏதேனும் ஒன்றில் சாய்த்து வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

கேமராவைச் சரிசெய்து தருவதாக அறிமுகமில்லாதவர் அழைத்து, ஓடிபி எண்ணைக் கேட்டாலோ, உங்கள் திரையை இயக்கும் செயலியை நிறுவச் சொன்னாலோ இணங்காதீர்கள். ஐயமிருந்தால், சிகிச்சைக் குறிப்பேட்டில் அச்சிட்டுள்ள எண்ணில் எங்களை அழையுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், திடீரென முகம் கோணுதல், கைகால் தளர்தல், பேச்சுக் குழறல், நினைவு தடுமாறல் ஆகியவை தோன்றினால் கேமராவைத் தேடவே வேண்டாம். காணொளி ஆலோசனைக்குக் காத்திராமல் 108 எண்ணுக்கு அழையுங்கள்.

உடனிருந்து பராமரிப்போரிடம் ஒரு வேண்டுகோள்: படம் வராதது உங்கள் தவறன்று. அதற்காகக் கூசி, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். கேமரா இயங்காத நாளில் எங்கள் கண்ணாக இருப்பவர் நீங்களே. நீங்கள் கண்டதைக் கண்டபடி சொன்னால், அடுத்துச் செய்ய வேண்டியதை நாம் சேர்ந்து முடிவுசெய்யலாம்.