பத்தாவது முடித்தாயிற்று, அடுத்து எந்தப் பிரிவு?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்றே வீட்டில் பேச்சு தொடங்கிவிடுகிறது. நல்ல மார்க் என்றால் ஃபர்ஸ்ட் குரூப், கொஞ்சம் குறைந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னும் குறைந்தால் காமர்ஸ், பாஸ் ஆனதே பெரிது என்றால் ஐ.டி.ஐ. எங்கும் எழுதி வைக்காத இந்த வரிசைதான் தமிழ்நாட்டில் எத்தனையோ பிள்ளைகளின் போக்கைத் தீர்மானிக்கிறது. ஒரு பெண் தேர்வை எப்படி எழுதினாள் என்பதை மார்க் சொல்லும். எந்த வேலையை நாள் முழுக்கச் செய்தாலும் அவளுக்குச் சலிக்காது என்பதை அது சொல்லாது.

பதினைந்து வயதில் “நீ என்னவாகப் போகிறாய்?” என்று நெருக்குவது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன். பெரும்பாலும் அவர்களுக்கு விடை தெரியாது. தெரிந்தாக வேண்டியதும் இல்லை. இப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பிரிவில் சேர்ந்தால் பின்னால் எதெல்லாம் கிடைக்காமல் போகும்? இரண்டு வருடம் கழித்து மனம் மாறினால் வேறு பக்கம் போக எத்தனை வருடம் ஆகும்?

இப்படிக் கேட்டுப் பார்த்தால், கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவுக்கு இருக்கும் மவுசில் நியாயம் இருக்கிறது. பொறியியல் கவுன்சிலிங்கில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். இரண்டுக்கும் வழிவிடுவது இந்தப் பிரிவு. ஆனால் சுமையும் அதிகம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சேர்ந்து, கணிதம் பிடிக்காமல் இரண்டு வருடம் டியூஷனுக்கும் டெஸ்டுக்கும் ஓடி, கடைசியில் மார்க்கும் இல்லாமல் தன்மேலுள்ள நம்பிக்கையும் போய் நிற்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மருத்துவத் துறைதான் என்று உறுதியாக இருப்பவர்களுக்குக் கணிதம் தேவையே இல்லை. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாக உள்ள பிரிவு போதும். நீட்டில் இடம் கிடைக்காவிட்டாலும் செவிலியர் படிப்பு, பிசியோதெரபி, பார்மசி இருக்கின்றன. பொறியியல் கவுன்சிலிங் மட்டும் இருக்காது.

உயிரியல் வேண்டாம் என்று தெளிவாகத் தெரிந்தால் கணிதம்-கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவைத் தயங்காமல் எடுக்கலாம். பெரிதாக இழப்பது மருத்துவப் படிப்புகளைத்தான். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: கணிதத்துக்குப் பதிலாக உயிரியலோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்த பிரிவும் உண்டு. பிரிவின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு சேர்ந்துவிடாமல், பாடங்களை ஒவ்வொன்றாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காமர்ஸை ‘மார்க் வாங்காதவர்கள் எடுப்பது’ என்று ஒதுக்குவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சி.ஏ. படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வைப் பிளஸ் டூ முடித்ததும் எழுதலாம். அதை எந்தப் பிரிவினரும் எழுதலாம் என்றாலும், கணக்குப்பதிவியலை இரண்டு வருடம் படித்துவிட்டு வருகிறவருக்கு அந்தப் பாடம் புதிதாக இருக்காது. ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கும் எந்தப் பிரிவும் தடையில்லை. அறிவியல் படித்தவர் பிற்பாடு சி.ஏ.வுக்கோ சட்டத்துக்கோ வர முடியும், காமர்ஸ் படித்தவர் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ போக முடியாது என்பது உண்மைதான். அதற்காக, கணக்கு வழக்கில் ஆசையுள்ள பிள்ளையை வேதியியலில் இரண்டு வருடம் உட்கார வைக்க வேண்டியதில்லை.

பிளஸ் ஒன்னா, பாலிடெக்னிக்கா என்ற கேள்வியில்தான் பல வீடுகள் தவறாகக் கணக்குப் போடுகின்றன. பிளஸ் டூவுக்கு இரண்டு வருடம், பி.இ.க்கு நான்கு வருடம், மொத்தம் ஆறு. டிப்ளமோவுக்கு மூன்று வருடம், பிறகு லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேர்ந்தால் இன்னும் மூன்று, அதுவும் ஆறுதான். டிப்ளமோ முடிக்கும்போதே கையில் வேலைக்கான ஒரு தகுதி இருக்கும். குடும்பத்தில் திடீரென்று பணமுடை வந்தால், மேலே படிப்பதைத் தள்ளிவைத்துவிட்டு ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வு எழுதலாம், தொழிற்சாலையில் சேரலாம். வெறும் பிளஸ் டூவோடு நிற்பவருக்கு அந்தப் பிடிமானம் இல்லை.

குறைகளும் உண்டு. லேட்டரல் என்ட்ரியில் போகிறவர்கள் பி.இ. கணிதத்தில் திணறுவது வழக்கம். பிளஸ் டூ கணிதத்தை அவர்கள் முழுதாகத் தொட்டிருக்க மாட்டார்கள். மருத்துவப் பக்கம் திரும்பவே முடியாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் உள்ள 7.5 சதவீத இட ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அதில் இடம் பிடித்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நன்றாகப் படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளை பத்தோடு வெளியேறுவதற்கு முன் இதை யோசித்தே தீர வேண்டும்.

ஐ.டி.ஐ.க்குக் கடைசி இடம் கொடுத்து வைத்திருக்கிறோம். உண்மையில் கையால் செய்து கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அதுதான் முதல் இடம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்றவை இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்ததும் பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பெல் போன்ற இடங்களில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கும் ஐ.டி.ஐ. தகுதியாகிறது. படிப்பு அத்தோடு நின்றுவிடும் என்ற பயமும் தேவையில்லை. இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். கூட்டிப் பார்த்தால் ஏழு வருடம், பிளஸ் டூ வழியைவிட ஒரே ஒரு வருடம்தான் கூடுதல்.

சரி, எது பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்து வீட்டு அண்ணனிடமோ அக்காவிடமோ பிளஸ் ஒன் புத்தகங்களைக் கேட்டு வாங்குங்கள். இயற்பியல், கணக்குப்பதிவியல், உயிரியல் மூன்றிலும் முதல் இரண்டு பாடங்களைப் படித்து, பின்னாலுள்ள கணக்குகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் சொல்லாமல் பிள்ளை மறுபடி எந்தப் புத்தகத்தை எடுக்கிறது என்று கவனியுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணையை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். அரசு ஐ.டி.ஐ. முதல்வரிடம் அனுமதி கேட்டுப் பட்டறையைச் சுற்றிப் பாருங்கள். ஊர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு முழு நாள் உடனிருந்தால், அந்த வேலையில் எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது புரிந்துவிடும். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் அரசுப் பள்ளிகளிலேயே வழிகாட்டுதல் உண்டு. அதற்குப் பொறுப்பான ஆசிரியர் யாரென்று கேட்டு, பிள்ளையோடு போய்ப் பேசுங்கள்.

பிளஸ் ஒன்னுக்கும் பாலிடெக்னிக்குக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பித்து வையுங்கள். முடிவு எடுக்கும்வரை மாற்றுச் சான்றிதழின் அசலை எங்கும் கொடுக்காதீர்கள். கொடுத்த பிறகு திரும்ப வாங்குவது பெரும் அலைச்சல். சேர்ந்த பிறகும் பிரிவு ஒத்துவரவில்லை என்று பிள்ளை சொன்னால், காலாண்டுத் தேர்வு வரட்டும் என்று காத்திருக்காமல் அந்த வாரமே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பள்ளி திறந்த முதல் சில வாரங்களில்தான் பிரிவு மாறுவது எளிது.