பழைய கம்ப்யூட்டர் குப்பையா?

நம்ம லேப் மூலையில ஒரு பழைய கம்ப்யூட்டர் தூசி பிடிச்சுக் கிடக்குதே, அது இனி ஓடுமா?

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் 386 கம்ப்யூட்டரில்தான் லினக்ஸை எழுதத் தொடங்கினார். ஆனால் 2012 டிசம்பரில் லினக்ஸிலிருந்து அதே 386க்கான நிரலையே எடுத்துவிட்டார்கள்! ஏன் தெரியுமா? பழைய சிப்புக்கென்று தனி நிரல் எழுத வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க ஆளும் வேண்டும்.

2025இல் வந்த டெபியன் 13ஐ 32 பிட் கம்ப்யூட்டரில் புதிதாகப் போட முடியாது. அதற்கு 2023இல் வந்த டெபியன் 12 உண்டு. 64 பிட் என்றால், பத்து வருஷப் பழசா இருந்தாலும் டெபியன் 13 போடலாம்.

சார், எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி அது 32ஆ, 64ஆன்னு ஒரு தடவை பார்த்துடலாமா?

– 9ஆம் வகுப்பு மாணவி