ஓர் அரங்கு, நான்கு நாட்கள், ஆறு ஆட்டங்கள்

காலம் பொன் போன்றது என்பர் பெரியோர். பொன்னையாவது பெட்டியில் பூட்டி வைக்கலாம். காலத்தைப் பூட்டி வைக்க இயலுமா? ஆயிரக்கணக்கானோர் கூடும் விளையாட்டரங்கில் ஒரு மணி நேரம் வீணானால் அதை எவராலும் மீட்க முடியாது. ஆகவே அரங்கின் இடம், நேரம், பொருள், பணியாளர் ஆகியவற்றை முறையாகப் பங்கிடக் கால அட்டவணை மென்பொருள்கள் இன்று பயன்படுகின்றன. அவை வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகக் காண்போம்.

ஒரே தரைக்குப் பல வேடம்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1999ஆம் ஆண்டு ஸ்டேபிள்ஸ் சென்டர் என்னும் உள்ளரங்கு திறக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் அதன் பெயர் கிரிப்டோ.காம் அரீனா என மாறியது. லேக்கர்ஸ், கிளிப்பர்ஸ் என்னும் இரு கூடைப்பந்துக் குழுக்களும், கிங்ஸ் என்னும் ஐஸ் ஹாக்கிக் குழுவும் பல்லாண்டுகள் அங்கேயே ஆடி வந்தன. கிளிப்பர்ஸ் குழு 2024இல்தான் வேறு அரங்குக்குச் சென்றது.

ஐஸ் ஹாக்கிக்குப் பனித்தரை வேண்டும். கூடைப்பந்துக்கு மரத்தரை வேண்டும். ஆட்டத்திற்கு ஆட்டம் பனியை உருக்கிக் கொண்டிருக்க முடியாது. எனவே பனியின் மேல் குளிரைத் தடுக்கும் பலகைகளைப் பரப்பி, அவற்றின் மேல் மரத்தரையைத் துண்டு துண்டாகப் பொருத்துகின்றனர்.

2012ஆம் ஆண்டு மே 17 முதல் 20 வரை இவ்வரங்கிற்குப் பெரும் சோதனை வந்தது. மூன்று குழுக்களும் ஒரே சமயத்தில் இறுதிக்கட்டப் போட்டிகளுக்குத் தகுதி பெற்றுவிட்டன. 17ஆம் நாள் கிங்ஸ். 18ஆம் நாள் லேக்கர்ஸ். 19ஆம் நாள் பகலில் கிளிப்பர்ஸ், இரவில் லேக்கர்ஸ். 20ஆம் நாள் பகலில் கிங்ஸ், இரவில் கிளிப்பர்ஸ். நான்கே நாட்களில் ஆறு ஆட்டங்கள்! 20ஆம் நாள் பகலில் பனித்தரையாக இருந்த இடம் அன்றிரவே மரத்தரையாக மாற வேண்டியிருந்தது. திட்டமிடாமல் இது நடந்திருக்குமா?

மோதலைக் கண்டறிதல்

ஓர் அறை மாலை 4 மணி முதல் 6 மணி வரை ஒருவருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். மற்றொருவர் அதே அறையை 5.30 முதல் 7 மணி வரை கேட்கிறார். கணிப்பொறி இரண்டே கேள்விகளைக் கேட்கிறது. புதியவர் தொடங்கும் நேரம், முன்னவர் முடிக்கும் நேரத்திற்கு முந்தியதா? புதியவர் முடிக்கும் நேரம், முன்னவர் தொடங்கும் நேரத்திற்குப் பிந்தியதா? இரண்டிற்கும் ஆம் என்று விடை வந்தால் மோதல் உண்டு. இங்கே இரண்டும் ஆம்; எனவே அறை கிடையாது.

அவர் 6 மணிக்கு வருவதாகச் சொன்னால்? மோதல் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அறையைத் துப்புரவு செய்ய அரை மணி நேரம் வேண்டுமே! அதையும் சேர்த்து, முன்னவர் 6.30 வரை இருப்பதாகவே மென்பொருள் கணக்கிடும்.

இந்த அரை மணியின் மதிப்பைப் பாருங்கள். மூன்று குழுக்கள் முறையே 2–4, 3–5, 4–6 மணிக்கு உடை மாற்றும் அறை கேட்கின்றன. எந்த நேரத்திலும் இரு குழுக்களுக்கு மேல் உள்ளே இல்லை. ஆகவே இரண்டு அறைகள் போதும். துப்புரவு நேரத்தைச் சேர்த்தாலோ 4 மணிக்கு மூன்று அறைகள் தேவைப்படும். மிகுந்த நெருக்கடியான நேரத்தில் எத்தனை பேரோ, அத்தனை அறைகள் வேண்டும் என்பதே விதி.

விட்டுக் கொடுப்பவர் யார்?

மோதல் உண்டு என்று சொல்லக் கணிப்பொறிக்குத் தெரியும். யார் விலக வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. முதலில் பதிவு செய்தவருக்கா, மிகுந்த பணம் தருபவருக்கா, அரங்கைச் சொந்த இடமாகக் கொண்டவருக்கா முதலிடம் என்பதை மனிதர்கள்தாம் விதியாக எழுதித் தர வேண்டும்.

அதே அரங்கில் ஸ்பார்க்ஸ் என்னும் மகளிர் கூடைப்பந்துக் குழுவும் ஆடி வருகிறது. 2016ஆம் ஆண்டு அக்குழு தேசிய இறுதித் தொடரை எட்டியது. ஆனால் அக்டோபர் 14ஆம் நாள் தன் சொந்த அரங்கு கிடைக்காமல், தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கேலன் சென்டர் என்னும் சிறிய அரங்கில் ஆட நேர்ந்தது. அவர்கள் அங்கும் வென்றனர். ஆறு நாட்களில் கோப்பையையும் வென்றனர்! இறுதித் தொடர் வரை மகளிர் முன்னேறக்கூடும் என்று எண்ணி அந்நாளை முன்னதாகவே ஒதுக்கி வைத்திருந்தால், அவர்கள் இடம் மாறியிருக்க வேண்டியதில்லை.

ஆகவே தோழியரே, கணிதம் கற்று இத்தகைய மென்பொருள்களை உருவாக்க நாமும் முன்வருவோம். விதிகளை எழுதும் மேசையில் பெண்களும் அமர்ந்தால், அட்டவணையில் பெண்களுக்குரிய மணி நேரமும் தவறாமல் இடம்பெறும்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி