அன்ன மண்டலத்து மறைபொருள்

இருளைக் கண்ணாற் காண இயலுமோ எனின், இயலாது என்பதே எவரும் கூறும் விடையாம். ஆயினும், ஒளியையும் வெளிவிடாத கருந்துளைகளை வானநூலார் கண்டறிந்து, அவற்றின் நிறையையும் கணித்துரைக்கின்றனர். அஃது எங்ஙனம் கூடிற்று என்பதனை ஒரு விண்மீனின் வரலாற்றால் அறிவோம்.

1938-ம் ஆண்டில், சிக்னஸ் எனப்படும் அன்ன மண்டலத்தில், மங்கிய மீனொன்று திடீரெனப் பிரகாசித்துப் பின்னர் ஒடுங்கிற்று. அக்காலத்தார் அதனை 'நோவா' என்னும் புதுமீன் வகையுட் சேர்த்தனர். வி404 சிக்னி என்பது அதன் பெயர். அரை நூற்றாண்டு வரை அது புதுமீனென்றே எண்ணப்பட்டு வந்தது.

1989-ம் ஆண்டு மே மாதத்தில், ஜப்பானியரின் 'கிங்கா' என்னும் செயற்கைக்கோள் அத்திசையினின்று எக்ஸ் கதிர்கள் மிகுதியாய் வரக் கண்டது. இக்கதிர்களை நமது வாயுமண்டலம் தடுத்துவிடுதலின், அதற்கு மேலே சென்ற கருவிகளே அவற்றைக் காணவல்லன. பின்னர்ப் பழைய ஒளிப்படத் தகடுகளைத் துருவி நோக்கியபொழுது, 1956-ம் ஆண்டிலும் அம்மீன் ஒருமுறை பிரகாசித்திருந்தமை புலனாயிற்று.

இக்கொந்தளிப்பின் காரணம் யாது? அங்கே ஒரு விண்மீனும் ஒரு கருந்துளையும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. விண்மீனினின்று ஈர்க்கப்படும் வாயு நேரே வீழாது, கருந்துளையைச் சூழ்ந்து வட்டுப்போற் சுழன்று, பல்லாண்டுகள் திரள்கின்றது. பெருகிய ஏரி கரையுடைத்தாற்போல, வட்டின் வெப்பம் ஓர் எல்லையைக் கடந்ததும் அவ்வாயு உள்நோக்கிப் பாய்கின்றது. அங்ஙனம் பாயுங்கால் ஒரு கோடி டிகிரியளவு வெப்பமுற்று எக்ஸ் கதிர்களை வீசுகின்றது. நாம் காண்பது கருந்துளையையன்று. அதனுள் வீழுமுன் வாயு விடுக்கும் ஒளியையே.

கொந்தளிப்பு அடங்கியபின், துணைமீனின் நிறமாலைக் கோடுகள் முன்னும் பின்னும் இடம்பெயர்தலை அளந்தனர். அது ஏறக்குறைய ஆறரை நாளில் ஒருமுறை சுற்றிவருகின்றது. அதன் வேகத்தைக் கொண்டு, மறைந்துள்ள பொருளின் நிறை சூரியனைப்போல் ஆறு மடங்கிற்குக் குறையாதென 1992-ல் நிறுவினர். அத்துணை நிறையை நியூட்ரான் மீன் தாங்காதாகலின், அது கருந்துளையே எனத் துணிந்தனர். பிற்கால அளவைகள் அதனை ஒன்பது மடங்கென மதிப்பிட்டன.

2015-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி, இருபத்தாறு ஆண்டு உறங்கிய அது மீண்டும் கொந்தளித்தது. 'ஸ்விப்ட்' செயற்கைக்கோள் அச்செய்தியை முதலில் அறிவிக்க, உலகெங்குமுள்ள தொலைநோக்கிகள் அதன்மேற் சென்றன. அதனைச் சூழ்ந்து எக்ஸ் கதிர் வளையங்களும் தோன்றின. இடைவழியிலுள்ள தூசிப் படலங்களிற் பட்டுச் சிதறிய கதிர்கள், சற்றே நீண்ட வழியில் தாமதித்து வந்தமையே அவ்வளையங்களுக்குக் காரணமாம்.

1938-ல் கண்டவர் தவறு செய்தாரல்லர். தமக்கிருந்த கருவி காட்டியதை நேர்மையாய்க் குறித்தனர். அக்குறிப்பும் தகடுகளும் பேணப்பட்டமையாலன்றோ பின்னோர் பிழையைத் திருத்த முடிந்தது? இன்று பொருள் விளங்காத குறிப்பாயினும் அதனைச் செவ்வனே எழுதிவைத்தல் மாணாக்கர்க்கு உரிய கடனாம்.